குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய கௌபாய் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படங்களைப் பற்றிய கேள்விகள் இவை?

1930-களின் தொடக்கம் முதல் 1950-களின் நடுப்பகுதி வரை ஹாலிவுட்டில் மிகக் குறைந்த பணத்தில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும்படி, தொடர் தொடராக எடுக்கப்பட்ட கௌபாய் படங்களைப் பற்றியவை. அமெரிக்கர்கள் இவற்றை ‘பி வெஸ்டர்ன்’ என்பார்கள். ஜான் ஃபோர்டு போன்ற பெரிய இயக்குநர்களின் படங்களும், பிற்காலத்தில் இத்தாலியர்கள் எடுத்த படங்களும் தேவைப்படும் இடங்களில் மட்டுமே குறிப்பிடப்படுகின்றன. பேசாப்படக் காலத்துக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே உண்டு.

இவை ஏன் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடுகின்றன?

பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்கத் திரையரங்குகள் கூட்டத்தைத் தக்கவைக்க ஒரே கட்டணத்துக்கு இரண்டு படங்களைக் காட்டத் தொடங்கின. பெண்களை வரவழைக்க வாரம் ஒரு பீங்கான் தட்டு இலவசமாகக் கொடுத்த திரையரங்குகளும் உண்டு. பெரிய நிறுவனத்தின் முதல் படத்துக்கு வசூலில் சதவீதம் போகும். இரண்டாவது படத்துக்கோ இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய வாடகை மட்டும்தான். அரங்கு நிரம்பி வழிந்தாலும் அந்தப் படத்தை எடுத்தவருக்குக் கூடுதலாக ஒரு காசும் வராது. வரவு இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்ட பிறகு, செலவைக் குறைப்பதைத் தவிர லாபத்துக்கு வேறு வழியில்லை. நீளம், படப்பிடிப்பு நாட்கள், நடிகர்களின் எண்ணிக்கை என எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் சுருங்கின. ஆனால் சிற்றூர்களில், சனிக்கிழமை மேட்னிக்கு வரும் சிறுவர்களுக்கு, இந்த இரண்டாவது படமே முதல் படமாக இருந்தது.

இவற்றை எடுத்தவர்கள் யார்?

கொலம்பியா, யுனிவர்சல் போன்ற நடுத்தர நிறுவனங்களும் எடுத்தன. ஆனால் இந்த வகையின் உயிர், ‘வறுமைத் தெரு’ என்று ஹாலிவுட்டே கேலியாக அழைத்த சிறு நிறுவனங்களில்தான் இருந்தது. மோனோகிராம், மாஸ்கட், ரிபப்ளிக், பி.ஆர்.சி. (புரொடியூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன்) ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ரிபப்ளிக் பிறந்த கதை சுவையானது. படச்சுருள் கழுவும் ஆய்வகம் ஒன்றின் முதலாளியான ஹெர்பர்ட் யேட்ஸுக்குச் சிறு தயாரிப்பாளர்கள் பலர் கடன்பட்டிருந்தார்கள். அவர் 1935-இல் அவர்களுடைய நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து ரிபப்ளிக்கை உருவாக்கினார். அதில் இணைந்த மோனோகிராம் ஒத்துப்போக முடியாமல் 1937-இல் மீண்டும் தனியாகப் பிரிந்தது.

திரையில் கூட்டமாகக் குதிரை ஓட்டுபவர்களில் பலர் உண்மையான மாட்டுப் பண்ணைத் தொழிலாளர்கள். பண்ணை வேலை குறைந்துபோய் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த அவர்கள், சன்செட் சாலையும் கோவர் தெருவும் சந்திக்கும் முனையில் தொப்பியும் பூட்ஸுமாக அன்றைய வேலைக்குக் காத்து நிற்பார்கள். முகபாவம் காட்டத் தெரியாத இவர்கள் குதிரையில் ஏறியதும் வேறு மனிதர்களாகிவிடுவதைப் படத்துக்குப் படம் பார்க்கலாம். இந்தப் படங்களைப் பார்ப்பதற்கு எனக்கு முதல் காரணமே அதுதான்.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ஜான் வெய்ன் 1933 முதல் 1935 வரை லோன் ஸ்டார் தயாரிப்பில், மோனோகிராம் வெளியீடாக நடித்த 16 படங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ராவுல் வால்ஷின் பெரும் செலவுப் படமான ‘தி பிக் டிரெயில்’ 1930-இல் தோற்றதும், அதன் நாயகனான வெய்ன் இந்தச் சிறு படங்களுக்குள் விழுந்தார். 1939-இல் ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ வரும் வரை ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவருக்கு இதுவே பிழைப்பு. லோன் ஸ்டார் படம் ஒன்றுக்கு ஒரு வாரத்துக்குக் குறைவான படப்பிடிப்பும், 10,000 முதல் 15,000 டாலர் வரையிலான செலவும் என்பதே பொதுவான கணக்கு. நடிப்பைத் தேடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நடக்கவும், நிற்கவும், பதில் சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கவும் கற்றுக்கொள்வதை இந்த 16 படங்களிலும் வரிசையாகக் காண முடியும்.

அவற்றில் மூன்றைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ (1933) தண்ணீரைப் பற்றிய கதை: பள்ளத்தாக்கின் நீரை ஒருவன் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பண்ணைக்காரர்களை நெருக்குகிறான், வாஷிங்டனிலிருந்து வந்த அரசு ஆள் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் உள்ளே நுழைகிறார். துப்பாக்கிச் சண்டைக்கு நடந்து போகும்போது வெய்ன் பாடுகிறார் என்பது இதன் வேடிக்கை. குரல் அவருடையது அன்று என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ‘ரேண்டி ரைட்ஸ் அலோன்’ (1934) தானாக இசைக்கும் பியானோ ஒலிக்கும் ஒரு சலூனில், சுற்றிலும் பிணங்கள் கிடக்கும் காட்சியோடு தொடங்குகிறது. பெரிய பணத்தில் எடுத்த பல படங்களுக்கும் இப்படி ஒரு தொடக்கம் வாய்த்ததில்லை. ‘தி டிரெயில் பியாண்ட்’ (1934) கதையில் சுமார்தான்; மலைகளுக்கும் ஏரிகளுக்குமாகப் பார்க்கலாம். லோன் ஸ்டார் படங்களில் பலவற்றுக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஆர்ச்சி ஸ்டவுட். பின்னாளில் ‘தி கொயட் மேன்’ படத்துக்காக ஆஸ்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்தக் கண் இங்கேயே தெரிகிறது.

அடுத்து, வில்லியம் பாய்ட் நடித்த ஹோபாலாங் காசிடி தொடருக்குப் போகலாம். 1935 முதல் 1948 வரை 66 படங்கள் வந்தன. தலை நரைத்த, கறுப்பு உடை அணிந்த, அவசரப்படாத நாயகன். இவற்றில் பலவற்றைப் படம்பிடித்த ரஸ்ஸல் ஹார்லன் பின்னர் ஹோவர்ட் ஹாக்ஸின் ‘ரெட் ரிவர்’, ‘ரியோ பிராவோ’ ஆகியவற்றுக்கு ஒளிப்பதிவாளரானார். 1943-இல் வந்த சில படங்களில் இளம் ராபர்ட் மிட்சம் வில்லன் கூட்டத்தில் ஒருவராக நிற்பதைக் கவனிக்கலாம்.

எல்லாம் ஒரே கதைதானே?

பெரும்பாலும் ஆம். ரயில் பாதை வரப்போகிறது, அணை கட்டப்போகிறார்கள், நிலத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது, இவற்றில் ஒன்று ஊரின் மரியாதைக்குரிய ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் அடியாட்களை ஏவி நிலங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறார். வெளியூர்க்காரன் ஒருவன் குதிரையில் வருகிறான், தவறாகச் சந்தேகிக்கப்படுகிறான், கடைசியில் உண்மையை வெளிக்கொண்டு வருகிறான். வில்லன் கோட்டு அணிந்த வங்கிக்காரராகவோ வக்கீலாகவோ இருப்பது தற்செயலன்று. வங்கிகள் மூடப்பட்டு, கடனுக்காகப் பண்ணைகள் ஏலம் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்தக் கதையை ரசித்தவர்கள் அதை வாழ்ந்துகொண்டும் இருந்தார்கள்.

கதை தெரிந்துவிட்ட பிறகு கண் மற்றவற்றின் மீது போகிறது. ஒரே சட்டகத்துக்குள் இயக்குநர் என்ன செய்கிறார் என்பது புலப்படத் தொடங்குகிறது. ஜோசப் லூயிஸ் சலிப்பூட்டும் காட்சிகளில் காமிராவுக்கு முன்னால் வண்டிச் சக்கரத்தை நிறுத்தி அதன் ஆரக்கால்களின் வழியே படம்பிடிப்பார். ‘வண்டிச்சக்கர ஜோ’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. 1950-இல் ‘கன் கிரேஸி’ எடுத்தவர் இவரேதான்.

ஒரே பாறை பல படங்களில் வருகிறதே, என் கண்தான் ஏமாற்றுகிறதா?

இல்லை, அதே பாறைதான். தங்கும் செலவு இல்லாமல் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் படப்பிடிப்பு நடத்துவதே வழக்கம். சாட்ஸ்வர்த்தில் உள்ள ஐவர்சன் பண்ணை, நியூஹால் பக்கத்தில் மோனோகிராமின் மேற்கத்தியத் தெரு, ஹாலிவுட்டின் கொல்லைப்புறமான பிரான்சன் குகைகள் ஆகியவை நூற்றுக்கணக்கான படங்களில் அரிசோனாவாகவும் டெக்சாஸாகவும் நடித்திருக்கின்றன. நடிகர் ரே காரிகன் 1937-இல் சிமி பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிப் படப்பிடிப்புக்கு வாடகைக்கே விட்டார். சற்றுப் பணம் இருந்த தயாரிப்பாளர்கள் மட்டும் லோன் பைன் அருகிலுள்ள அலபாமா குன்றுகளுக்குப் போனார்கள். உருண்டை உருண்டையான பாறைகளுக்குப் பின்னால் பனி மூடிய சியரா நெவாடா தெரிந்தால் அது அந்த இடம்தான்.

பாறைகள் மட்டுமல்லாமல் காட்சிகளும் திரும்ப வரும். 1932–33-இல் வார்னர் நிறுவனத்துக்காக வெய்ன் நடித்த ஆறு படங்கள், கென் மேனார்டின் பேசாப்படங்களிலிருந்த மாட்டு மந்தைக் காட்சிகளையும் குதிரைத் துரத்தல்களையும் ஸ்டாக் ஷாட்டுகளாக, அதாவது முன்பே எடுத்து வைத்த காட்சிகளாக, பயன்படுத்திக்கொள்வதற்கென்றே திட்டமிடப்பட்டவை. அதனால்தான் வெய்னுக்கு மேனார்டைப் போன்ற உடையும், மேனார்டின் குதிரையைப் போன்ற வெள்ளைக் குதிரையும் கொடுக்கப்பட்டன. குதிரை திடீரென்று அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடினால், நொடிக்கு எடுக்கும் சட்டகங்களின் (ஃபிரேம்களின்) எண்ணிக்கையைக் குறைத்துப் படம்பிடித்த காட்சி என்று கொள்ளலாம்.

நாயகன் நடுநடுவே பாடுகிறானே?

இந்திய ரசிகருக்கு இது உறுத்தக் கூடாது. வானொலிப் பாடகரான ஜீன் ஆட்ரி 1934-இல் கென் மேனார்டின் படம் ஒன்றில் தலைகாட்டினார்; 1935-இல் ரிபப்ளிக்கில் நாயகனானார். அவர் புகழ் ஏறியதும் எல்லா நிறுவனங்களும் ஆளுக்கொரு பாடும் கௌபாயைத் தேடின. சம்பளத் தகராறில் ஆட்ரி 1938-இல் படப்பிடிப்புக்கு வராமல் போனபோது, அதே நிறுவனம் லெனார்ட் ஸ்லை என்ற இளைஞரை ராய் ராஜர்ஸ் என்ற பெயரில் நாயகனாக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஆட்ரி படையில் சேர்ந்ததும் ராஜர்ஸ் ‘கௌபாய்களின் அரசர்’ ஆகிவிட்டார். 1940-களின் நடுவில் வந்த ராஜர்ஸ் படங்களில் மேடை நிகழ்ச்சிகளும் வண்ணமயமான சட்டைகளும் பெருகிக் கதை ஓரத்துக்குப் போய்விடுகிறது என்பது என் கருத்து. ஆட்ரியின் முதல் மூன்றாண்டுப் படங்களே போதும்.

கௌபாய் படத்தில் காரும் வானொலியும் எப்படி?

ஆட்ரியின் படங்கள் பெரும்பாலும் அவை எடுக்கப்பட்ட காலத்திலேயே, அதாவது 1930-களின் மேற்கில், நடக்கின்றன. அங்கே பண்ணையில் குதிரையும், சாலையில் காரும் இருந்தன. போர்க்காலப் படங்களில் ஜெர்மானிய உளவாளிகளும் வருவார்கள். 1935-இல் ஆட்ரி நடித்த 12 பாகத் தொடர்படம் ஒன்றில் பண்ணைக்கு அடியில் இயந்திர மனிதர்கள் கொண்ட நகரமே இருக்கிறது. அதற்கு மட்டும் விளக்கம் எதுவும் உதவாது.

குதிரைகள் விழும் காட்சிகளில் அவற்றுக்கு அடிபட்டதா?

பட்டது, பல இறந்தும் போயின. அக்காலத்தில் ‘ரன்னிங் டபிள்யூ’ என்ற முறை இருந்தது. குதிரையின் முன்னங்கால்களில் கம்பியைக் கட்டி, அதைச் சேணப்பட்டையின் வளையம் வழியாகக் கொண்டுபோய், மறுமுனையைத் தொலைவில் தரையில் அறைந்த முளையில் இணைப்பார்கள். பாய்ந்து ஓடும் குதிரை கம்பியின் நீளம் முடிந்த இடத்தில் முன்னங்கால்கள் இழுபட்டுத் தலைகுப்புற விழும். 1939-இல் வெளியான பெரும் செலவுப் படமான ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படப்பிடிப்பில் குன்றின் மேலிருந்து ஏரியில் விழ வைக்கப்பட்ட குதிரை இறந்தது பெரிய கண்டனத்தை எழுப்பியது. அதன் பின் 1940-இல் அமெரிக்க மனிதநேயச் சங்கம் ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து படப்பிடிப்புகளைக் கண்காணிக்கத் தொடங்கியது. விழுவதற்கென்றே பழக்கப்பட்ட குதிரைகள் பயன்பாட்டுக்கு வந்தன. ஆகவே 1940-க்கு முந்தைய படத்தில் குதிரையின் இரு முன்னங்கால்களும் ஒரே நொடியில் மடங்கினால் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளலாம். இதைப் பார்க்க மனமில்லாதவர்கள் பிற்காலப் படங்களைத் தேர்ந்தெடுப்பது நியாயமே.

மனிதர்களின் சாகசம் வேறு வகை. ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டுப் போட்டிகளில் வெற்றியாளரான யாகிமா கனட் வெய்னின் படங்களில் அடியாளாக நடித்துக்கொண்டே அவருக்குப் பதிலாகக் குதிரையிலிருந்தும் குதிப்பார். கனட் தன்னைத்தானே துரத்துவதைப் போன்ற காட்சிகள் இதனால் உண்டாயின. குத்து உண்மையில் படாமலேயே பட்டதாகத் தெரியும்படி காமிராவின் கோணத்தை அமைக்கும் முறையை இயக்குநர் ராபர்ட் பிராட்பரியும் வெய்னும் கனட்டும் இந்தப் படங்களில்தான் மெருகேற்றினார்கள். ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஓடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து, வண்டி தன் மேல் கடந்துபோகும்படி கனட் செய்தது, குறைந்த செலவுப் படங்களில் முன்பே பழகிய வித்தை. அக்காலத்தில் சண்டைக் கலைஞர்களுக்குப் பரிசே வைத்திராத ஆஸ்கர் அகாதெமி 1967-இல் அவருக்குச் சிறப்பு விருது அளித்தது.

செவ்விந்தியர்களையும் கறுப்பினத்தவரையும் எப்படிக் காட்டுகின்றன?

பெரும்பாலும் மோசமாக, அல்லது காட்டாமலேயே. கூட்டம் சேர்க்கப் பணம் இல்லாததால், பெரிய படங்களில் வரும் செவ்விந்தியத் தாக்குதல்கள் இவற்றில் குறைவு; வந்தாலும் ஸ்டாக் ஷாட்டுகளாகவோ, சாயம் பூசிய வெள்ளை நடிகர்களாகவோ வருவார்கள். சீனச் சமையல்காரரும் கறுப்பின வேலைக்காரரும் சிரிப்புக்கென்றே வைக்கப்பட்டிருப்பார்கள். குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும்.

விதிவிலக்குகளைத் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. அரபாஹோ என்ற செவ்விந்திய மக்களோடு பழகி அவர்களுடைய சைகை மொழியைக் கற்ற நடிகர் டிம் மெக்காயின் சில படங்களில் அவர்கள் மீது மரியாதை தெரிகிறது. ஜாஸ் பாடகர் ஹெர்ப் ஜெஃப்ரிஸ் 1937 முதல் 1939 வரை முழுவதும் கறுப்பின நடிகர்களைக் கொண்ட கௌபாய் படங்களில் நாயகனாக நடித்தார். தென் மாநிலங்களில் கறுப்பினச் சிறுவர்கள் வெள்ளை கௌபாய்களை மட்டுமே பார்த்து வளர்வது அவரை உறுத்தியது. இவற்றுக்குக் கலிஃபோர்னியப் பாலைவனத்தில் கறுப்பினத் தம்பதியர் நடத்திய முர்ரே பண்ணை படப்பிடிப்புத் தளமாயிற்று. ‘தி பிரான்ஸ் பக்கரூ’ (The Bronze Buckaroo, 1939) இன்றும் எளிதில் கிடைக்கிறது. படம் தட்டுத்தடுமாறித்தான் போகிறது. ஜெஃப்ரிஸ் குதிரையில் அமர்ந்து பாடும்போது எழுந்துவிடுகிறது.

பேசாப்படக் கால கௌபாய்களைப் பார்க்க முடியுமா?

ஓரளவுக்குத்தான். பிரான்கோ பில்லி ஆண்டர்சன், வில்லியம் ஹார்ட் ஆகியோரின் படங்கள் சில தப்பியிருக்கின்றன. ஹார்ட்டின் இறுக்கமான முகத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். ஆனால் 1937-இல் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரி ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் படச்சுருள் கிடங்கு எரிந்தபோது டாம் மிக்ஸ், பக் ஜோன்ஸ் ஆகியோரின் பேசாப்படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அக்கால நைட்ரேட் சுருள் தானாகவே தீப்பற்றக் கூடியது.

சட்டப்படி இலவசமாகப் பார்க்க இயலுமா?

பலவற்றைப் பார்க்கலாம். 1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியான படத்தின் காப்புரிமையை 28-ஆம் ஆண்டில் புதுப்பித்தாக வேண்டும் என்பது சட்டம். மூடப்பட்டுவிட்ட சிறு நிறுவனங்களின் படங்களுக்கு அதைச் செய்ய யாருமில்லை. அவை பொதுச் சொத்தாயின. லோன் ஸ்டார், பி.ஆர்.சி. படங்கள் பலவும் இணைய ஆவணக் காப்பகத்திலும் (Internet Archive) யூடியூபிலும் கிடைப்பது இதனால்தான்.

எந்தப் பிரதி நல்ல பிரதி என்று எப்படி அறிவது?

முதலில் ஓடும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். 1950-களில் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது, ஆட்ரி, ராஜர்ஸ் ஆகியோரின் ரிபப்ளிக் படங்கள் விளம்பரத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்குமாறு ஏறக்குறைய 54 நிமிடங்களாக வெட்டப்பட்டன. வெட்டுப்பட்டவை பெரும்பாலும் பாடல்களும் நகைச்சுவையும். சில சமயம் கதையின் முடிச்சே போய்விடும். லோன் ஸ்டார் படங்கள் இயல்பிலேயே 55 நிமிடங்களுக்கு அருகில் ஓடுபவை என்பதால் அவற்றை வெட்டுப்பட்டவை என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது ஒலி. வெய்னின் படங்களில் பலவற்றுக்கு 1980-களில் விநியோகஸ்தர்கள் சின்தசைசர் இசையைச் சேர்த்துவிட்டார்கள். அசல் படங்களில் எழுத்து ஓடும்போதும் முடியும்போதும் தவிர இசையே அனேகமாகக் கிடையாது, குளம்பொலியும் காற்றும்தான். அந்த வெறுமை முதலில் விநோதமாக இருந்தாலும் சீக்கிரம் பழகிவிடும். வண்ணம் பூசிய பிரதிகளைத் தவிர்த்துவிடலாம். ஆட்ரி தம் படங்களின் உரிமையைத் தாமே பெற்றுக் காத்ததால், அவற்றின் செப்பனிடப்பட்ட பிரதிகளைக் காசு கொடுத்து வாங்குவது தகும்.

ஆங்கிலப் பேச்சு புரியாவிட்டால்?

பெரிய நட்டமில்லை. நாயகனின் நண்பராக வரும் தாடிக்கிழவர், குறிப்பாக ஜார்ஜ் ‘காபி’ ஹேஸ், பல்லில்லாத வாயால் முணுமுணுப்பது அமெரிக்கர்களுக்கே பாதிதான் பிடிபடும்.

தமிழ் கௌபாய் படங்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. ஜெய்சங்கர் நடிப்பில் கர்ணன் இயக்கிய ‘கங்கா’ (1972) போன்றவை இத்தாலியப் படங்களின் வழியில் வந்தவை. லயன் காமிக்ஸ் வாசகர்கள் அறிந்த கௌபாய் சித்திரக்கதை நாயகன் டெக்ஸ் வில்லருக்கு உறவு சற்று நெருக்கம்: அவரும் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர்தான், ஆனால் இத்தாலியர்களுக்கு அந்த மேற்கு ஹாலிவுட் படங்கள் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

இந்தப் படங்கள் ஏன் நின்றுபோயின?

தொலைக்காட்சி இதே சரக்கை வீட்டுக்கே கொண்டுவந்தது. வில்லியம் பாய்ட் தம்மிடமிருந்த சொத்தையெல்லாம் விற்று ஹோபாலாங் படங்களின் உரிமையை வாங்கி, 1949-இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகச் செய்து பெரும் செல்வரானார். ஆட்ரி 1950-இல் சொந்தத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார். படப்பிடிப்புச் செலவு கூடியது, ஆனால் இரண்டாவது படத்துக்கான வாடகை கூடவில்லை. தொடர்வரிசையில் வந்த கடைசி பி வெஸ்டர்ன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1954-இல் வெய்ன் மாரிஸ் நடித்து வெளியான ‘டூ கன்ஸ் அண்ட் எ பேட்ஜ்’. அதில் வேலை செய்தவர்களில் பலர் அதே தெருக்களில், அதே பாறைகளுக்கு நடுவே, தொலைக்காட்சிக்காகத் தொடர்ந்து குதிரை ஓட்டினார்கள்.

ஒரே மூச்சில் பல படங்களைப் பார்க்கலாமா?

வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை அவை. இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தால் எந்த வங்கிக்காரர் எந்த அணைக்காகக் கொலை செய்தார் என்பது குழம்பிவிடும். 12 அல்லது 15 பாகத் தொடர்படங்களை நாளுக்கு ஒரு பாகத்துக்கு மேல் பார்க்கவே கூடாது. முந்தைய பாகத்தின் முடிவில் நாயகனோடு பள்ளத்தில் விழுந்த வண்டியிலிருந்து, அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் அவன் முன்பே குதித்துவிட்டதாகக் காட்டுவார்கள். இடையில் ஒரு நாளாவது கடந்திருந்தால்தான் அந்த ஏமாற்றை மன்னிக்க முடியும்.